பங்கேற்றதற்கான சான்று

வெளிநாடு போக அனுமதி கேட்கும் படிவத்தில் ஏழாவது கேள்வி, பயணத்தின் நோக்கம். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அதற்கு ஒரே பதிலைத்தான் எழுதுவார்கள்: சுற்றுலா. மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகிறவருக்கும் சுற்றுலா, மைத்துனன் கல்யாணத்துக்கு சிங்கப்பூர் போகிறவருக்கும் சுற்றுலா. ஒரு வாரத்தில் அனுமதி வந்துவிடும். நான் மட்டும் அப்படி எழுதவில்லை. என் படிவத்திலும் என் நண்பரின் படிவத்திலும் ‘மலேசியாவில் நடைபெறும் அரை மாரத்தான் ஓட்டப் போட்டியில் பங்கேற்க’ என்று எழுதினேன். இரண்டையும் நிரப்பியது நான்தான். அவர் கையெழுத்து மட்டும் போட்டார்.

நாங்கள் இருவரும் ஹைதராபாத் தார்நாகாவில் ஒரு மத்திய அரசு ஆய்வுக்கூடத்தில் வேலையில் இருப்பவர்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, ஊர் திருச்சிப் பக்கம். அவர் என்னைவிட மூன்று வயது இளையவர். திருநெல்வேலிக்காரர். கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் தொழில்நுட்ப அலுவலர். வீடு உப்பலில். அவர் என்னை ‘வே’ போட்டுப் பேசுவார். எனக்கு அது வராது. பதினெட்டு வருடமாக அவரை ‘சார்’ என்றே கூப்பிட்டு வருகிறேன்.

நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். எழுந்த நேரம், காலை நாடித்துடிப்பு, வெப்பநிலை, ஓடிய தூரம், அன்று வந்த கடிதம், போன கடிதம் எல்லாம் அதில் இருக்கும். இந்தப் பழக்கத்தால் அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர். விடுப்பு, இடமாற்றம், குடியிருப்பு ஒதுக்கீடு என்று எந்த விண்ணப்பமானாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். நான் எழுதிய விண்ணப்பம் குறிப்புப் போட்டுத் திரும்பி வந்ததில்லை என்பார்கள். அது உண்மை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

மலேசியாவுக்குப் போகலாம் என்றது அவர்தான். “ஒரு தடவையாவது வெளிநாட்டு ரோட்டுல ஓடணும்வே. உப்பல் ரோட்டுல பஸ் புகையைக் குடிச்சது போதும்” என்றார். ஐம்பது வயது முடிவதற்குள் ஓடிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அங்கே வெக்கை அதிகமாக இருக்குமே என்றதற்குச் சிரித்தார். “ஹைதராபாத் மே மாசத்தைப் பாத்தவனுக்கு வெக்கை என்னவே வெக்கை?”

அந்த மே மாதம் வேண்டுமென்றே ஒன்பது மணிக்கு மேல் பல்கலைக்கழக வளாகத்துச் சாலைகளில் ஓடினோம். ஓடுமுன்னும் ஓடிய பின்னும் எடை பார்த்து, எவ்வளவு வியர்வை போகிறது, எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று இருவருக்கும் அட்டவணை போட்டேன். சட்டை நனைவதும் காய்வதும் ஒன்றாக நடக்கும் வறண்ட வெயில் அது. அந்த அட்டவணை அந்த வெயிலுக்குத்தான் பொருந்தும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

படிவம் கொடுத்த பிறகு ஐந்து மாதம் எதுவும் வரவில்லை. இடையில் கேள்விகள் மட்டும் வந்தன. போட்டியை நடத்துவது யார்? அழைப்பு யாரிடமிருந்து? வெளிநாட்டு அமைப்பு எதிலாவது உறுப்பினரா? ஒவ்வொன்றுக்கும் நான் பதில் எழுதினேன். நண்பர் பொறுமை இழந்தார்.

“சுற்றுலான்னு போட்டுட்டுப் போயிருக்கலாம்லா? ஊரே அப்படித்தானே போவுது?”

“பின்னால் யாராவது போட்டோவைப் பார்த்துவிட்டுப் புகார் மனு போட்டால்?” என்றேன்.

அவருக்கு அந்தப் பயம் ஏற்கெனவே உண்டு. பல வருடங்களுக்கு முன் தங்கை கல்யாணம் என்று விடுப்பு எடுத்து ஊருக்குப் போனார். கல்யாணம் தள்ளிப்போய்விட்டது. அவர் விடுப்பை ரத்து செய்யாமல் ஊரிலேயே இருந்துவிட்டார். யாரோ எழுதிப் போட, விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அந்த ஃபைல் மூடுவதற்கு இரண்டு வருடமானது. அதனால் அவருடைய பதவி உயர்வும் தள்ளிப்போனது. அந்த மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

புறப்படுவதற்கு நான்கு நாள் இருக்கும்போது அனுமதி ஆணை வந்தது. சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றபடி படித்தோம். மூன்றாவது பத்தியில் இப்படி இருந்தது: அலுவலர் மேற்படி போட்டியில் பங்கேற்று, திரும்பியதும் பங்கேற்றதற்கான சான்றுடன் அறிக்கை அளிக்க வேண்டும்.

“இது எதுக்குவே?” என்று கேட்டார்.

“நோக்கம் என்ன சொன்னோமோ அதை உறுதி செய்கிறார்கள். ஒன்றுமில்லை, சான்றிதழை இணைத்துக் கொடுத்துவிட்டால் முடிந்தது” என்றேன்.

மலேசியாவில் அது ஒரு கடலோர நகரம். விமான நிலையக் கதவு திறந்ததும் ஈரத்துணியை முகத்தில் போட்டது போலிருந்தது. வெப்பமானியில் முப்பத்தொரு டிகிரிதான். எங்கள் ஊர்க் கணக்கில் அது வெயிலே இல்லை. ஆனால் விடுதிக்கு நடந்த பத்து நிமிடத்தில் நனைந்த சட்டை, அறையில் ஒரு மணி நேரம் கழித்தும் காயவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

போட்டிக்கு முந்தைய நாள் மாலை அவருக்குக் குளிர் எடுத்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். நூறு புள்ளி ஆறு. பாரசிட்டமால் கொடுத்தேன். ஒன்பது மணிக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு. விடியற்காலை நாலேகாலுக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி நாலு. நாடித்துடிப்பு எழுபத்தெட்டு. வழக்கமாக அவருக்கு ஐம்பத்தாறுக்கு மேல் போகாது.

“சார், இன்றைக்கு ஓட வேண்டாம்” என்றேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து காலுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

“ஓடலைன்னா ரிப்போர்ட்டுல என்னத்தை எழுதுவீரு?”

“உடம்பு சரியில்லை என்று எழுதலாம்.”

“டாக்டர் சர்டிபிகேட் கேப்பான். இந்த ஊர்ல டாக்டரைப் பாத்தா, பெர்மிஷன் இல்லாம ஏன் பாத்தேன்னு கேப்பான். நீரு ஒரு பதில் எழுதுவீரு, அதுக்கு அவன் ரெண்டு கேள்வி கேப்பான். எனக்கு இன்னும் ஒரு புரமோஷன் பாக்கி கிடக்குவே. மெமோ வாங்கினவனுக்குத்தான் தெரியும்.”

“ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்திவிடுங்கள். பங்கேற்றதாக ஆகிவிடும்.”

“முடிச்சவனுக்குத்தானே சர்டிபிகேட்டு? நேத்து நம்பர் வாங்கும்போது நீருதான அந்தப் பொம்பளைகிட்ட கேட்டீரு?”

கேட்டது உண்மைதான். முடித்தவர்களுக்கு மட்டும்தான் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

நான் அப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். காலுறையைக் கழற்றுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நாட்குறிப்பைத் திறந்து கணக்குப் போட்டேன். இருபத்தொரு கிலோமீட்டர், மூன்றரை மணி நேர அவகாசம். மூன்று நிமிடம் மெல்ல ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. தாராளமாக முடித்துவிடலாம். ஒரு சீட்டில் எழுதி நீட்டினேன். அவர் அதை மடித்து அரைக்கால் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“இதுக்குத்தான்வே உம்மக்கூட வாரது” என்றார்.

ஐந்தரைக்கு ஓட்டம் தொடங்கியது. கூடவே ஓடினேன். முதல் ஐந்து கிலோமீட்டர் வரை சீட்டின்படி போனார். மாத்திரையின் தயவில் உடம்பு லேசாக இருந்திருக்க வேண்டும். அதன்பிறகு நடக்க வேண்டிய இடங்களில் நடக்கவில்லை. சொன்னபோது, “நல்லாத்தான்வே இருக்கு, நடந்தா குளிருது” என்றார். குளிர்கிறது என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. அந்தச் சாலையில் யாருக்கும் குளிர்ந்திருக்க முடியாது. கடல் பக்கமிருந்து காற்றே இல்லை. என் காலணிக்குள் தண்ணீர் சளசளத்தது.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசையருகே நின்றார். முகம் சிவந்திருந்தது.

“நீரு போவும். உம்ம டைமிங் கெட்டுரும். நான் நடந்து வாரேன்.”

“கூட வருகிறேன் சார்.”

“போவும்வே. பின்னால நின்னு தொணதொணன்னுக்கிட்டு. என் பொண்டாட்டியே தேவலாம்.”

நான் சிரித்தேன், போனேன். இரண்டு மணி பதினைந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று வருடத் தொடக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். இரண்டு மணி பதினான்கு நிமிடத்தில் முடித்தேன். முடிவுக்கோட்டைத் தாண்டியதும் நான் செய்த முதல் காரியம், இடுப்புப் பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து அந்த நேரத்தை எழுதியது.

பிறகு நிழலில் நின்று அவருக்காகக் காத்திருந்தேன். ஓட்டம் தொடங்கி இரண்டே முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூன்றாயிற்று. நடந்தால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன். மூன்றேகால் மணி நேரத்தில், நடந்துகொண்டே வந்த ஒரு கிழவரும் முடித்துவிட்டார். அதற்குப் பின்தான் மருத்துவக் கூடாரத்துக்குப் போனேன். நண்பரின் எண்ணைச் சொன்னதும், பட்டியலில் விரல் வைத்துப் பார்த்த பையன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பத்தொன்பதாவது கிலோமீட்டரில் விழுந்திருக்கிறார். அரை மணி நேரத்துக்கு முன்பே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு தமிழ்ச் செவிலியர் வந்தார். அந்த ஊர்க்காரப் பெண்.

“நீங்க அவரோட கூட்டாளியா, ஐயா? நேத்து அவருக்குக் காய்ச்சல் ஏதும் இருந்துச்சா?”

விடுதியிலிருந்து எடுத்து வந்திருந்த நாட்குறிப்பைத் திறந்து வாசித்தேன். மாலை நூறு புள்ளி ஆறு. இரவு தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு. விடியற்காலை தொண்ணூற்றொன்பது புள்ளி நாலு, துடிப்பு எழுபத்தெட்டு. மாத்திரை கொடுத்த நேரத்தையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு நாட்குறிப்பை ஒரு தடவை பார்த்தார்.

“எல்லாம் சரியா எழுதி வச்சிருக்கீங்க. பிறகு ஏன் ஓட விட்டீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அலுவலக ஆணையின் மூன்றாவது பத்தியைப் பற்றி அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? நாட்குறிப்பை மூடிப் பைக்குள் வைத்தேன்.

கொண்டுவந்தபோது உடம்புச் சூடு நூற்றேழுக்கு மேல் இருந்ததாம். பனிக்கட்டியில் கிடத்தியிருக்கிறார்கள். வலிப்பும் வந்திருக்கிறது.

நண்பரின் மனைவிக்கு நான்தான் போன் செய்தேன். தண்ணீர்ச்சத்து குறைந்துவிட்டது, டிரிப் ஏற்றுகிறார்கள் என்றேன். அது பொய் இல்லை. டிரிப் ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். மறுநாள் முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவருக்குப் பாஸ்போர்ட் கிடையாது. வர வழியில்லை. தினமும் இரண்டு வேளை, பார்வையாளர் நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவார்.

“அண்ணே, அவுக முகத்தைக் காட்டுங்க. குழாய் தெரியாத பக்கமா காட்டுங்க.”

குழாய் தெரியாத பக்கம் என்று ஒன்று இல்லை. கையைக் காட்டினேன். கையைப் பார்த்து அவர் பேசிக்கொண்டிருப்பார். சின்னவளுக்குப் பரீட்சை முடிந்தது, மேல்வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டி கழுவினார், இப்படி. ஆறாம் நாள் அந்தக் கை அசைந்தது. பதினோராம் நாள் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். என் விடுப்பை நீட்டிக்கக் கேட்டு அங்கிருந்தே இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டும் முறையாகவே இருந்தன.

உயிர் பிழைத்தார். ஆனால் அந்தச் சூடு மூளையில் உடம்பை நிலைநிறுத்தும் பகுதியைச் சிதைத்துவிட்டது என்றார் மருத்துவர். சக்கர நாற்காலியில்தான் விமானம் ஏறினோம். இப்போது கால்களை அகல வைத்து, சுவரைப் பிடித்து நடக்கிறார். பேச்சு குழறுகிறது. யோசனையில் குறை ஒன்றும் இல்லை. டீ டம்ளரைத் தூக்கினால் பாதி சட்டையில் விழுகிறது. நுண்கருவிகளின் திருகுகளைப் பூதக்கண்ணாடி இல்லாமலே முடுக்கிய கை அது.

ஊர் திரும்பிய இரண்டாவது வாரம் அறிக்கை தயாரித்தேன். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. அவருடையதில் போட்டி எண், பத்தொன்பதாவது கிலோமீட்டர் வரை பதிவான நேரங்கள், மருத்துவமனைச் சுருக்கம், சான்றிதழ் இல்லாததற்கான காரணம் எல்லாம் இணைத்து, அவர் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நிர்வாகப் பிரிவுக்குப் போனேன். அங்கே கண்காணிப்பாளர் தமிழர்தான். சிக்கந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். பேச்சில் ஹைதராபாத் உருது கலந்து வரும்.

“ஹவ் சார், கேள்விப்பட்டேன். பாவம் அவர்.” காகிதக் கட்டைப் புரட்டினார். “ஆனா இதெல்லாம் கைக்கு, எதுக்கு? யார் கேட்டாங்க?”

“நீங்கள்தான். ஆணையில் மூன்றாவது பத்தி.”

ஆணையின் நகலை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“அரே, இதுவா! ஆபீஸ் டீம் ஸ்போர்ட்ஸ் மீட்டுக்குப் போகும்ல சார், அவங்களுக்குக் கொடுக்கிற லெட்டர் இது. நீங்க நோக்கத்துல ரேஸுன்னு எழுதிட்டீங்க. பர்சனலா ரேஸ் ஓட இதுவரைக்கும் யாரு போனாங்க? ஃபார்மேட்டே இல்ல. பழைய லெட்டரை எடுத்துப் பேரை மாத்தி அடிச்சேன். அந்தப் பாராவைத் தூக்க மறந்துட்டேன்போல.”

“ஓடாமல் இருந்திருந்தால்?”

“ஓடாட்டி என்ன? ரூம்ல படுத்துத் தூங்கியிருந்தாலும் இங்க யாரும் கேக்க மாட்டாங்க. டூருன்னு போட்டிருந்தா மறுநாளே கொடுத்திருப்பேன். நீங்கதான் ரொம்பக் கரெக்டா எழுதுவீங்களே.” கட்டை என் பக்கம் தள்ளினார். “நக்கோ, வேண்டாம் சார், இதை நீங்களே வச்சுக்குங்க. அந்த ஃபைல் எப்பவோ க்ளோஸ் ஆயிடுச்சு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உப்பலுக்குப் போனேன். நண்பர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் வாயைக் கூட்டிச் சேர்த்துக் கேட்டது இதுதான்.

“ரிப்... போர்ட்டு... குடுத்தீரா?”

“கொண்டுபோய்க் கொடுத்தேன் சார்.”

“சர்டி... பிகேட்டு... இல்லியே. ஒண்ணும்... சொல்லலியா?”

“ஒன்றும் சொல்லவில்லை.”

திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார். மெமோ வராது என்ற நிம்மதி அந்த முகத்தில் தெரிந்தது. நடைப் பயிற்சி கொடுக்கிறவர் வந்து அவரை உள்ளே கூட்டிப்போனதும், அவர் மனைவி எனக்கு எதிரே வந்து நின்றார். கையில் ஒரு கரண்டி இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். ஆஸ்பத்திரிப் பேப்பருல முன்னாடி நாளே காய்ச்சல்னு போட்டிருக்காமே? மக படிச்சுச் சொன்னா.”

“ஆமாம்மா. இருந்தது.”

“பிறகு ஏன் ஓடுனாக?”

சொன்னேன். படிவத்தில் நான் எழுதியதிலிருந்து, காலுறை, சீட்டு, பன்னிரண்டாவது கிலோமீட்டர், கண்காணிப்பாளர் சொன்னதுவரை வரிசையாகச் சொன்னேன். என் நேரத்தை எழுதிக்கொண்டு நிழலில் நின்றதையும் சொன்னேன். முடித்ததும் இரண்டே கேள்வி கேட்டார்.

“படுத்துக் கெடந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காதா?”

“ஆகியிருக்காது.”

“சுற்றுலான்னு எழுதியிருந்தா அந்த வரி வந்திருக்காதா?”

“வந்திருக்காது.”

உள்ளே பயிற்சியாளர் தெலுங்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் கால் தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

“அவுகளுக்கு இது தெரிய வேண்டாம். ஆபீஸ் சொல்லுச்சு, ஓடுனேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக. அப்படியே இருக்கட்டும்.”

என் பையில் ஒரு உறை இருந்தது. நண்பர் வேலைக்குத் திரும்பும்போது உட்கார்ந்து செய்கிற பணி கேட்டு இரண்டு பக்கத்தில் விண்ணப்பம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். விதிகள், பத்தி எண்கள், இணைப்புகள் எல்லாம் இருந்தன. மேசையில் வைத்து என்னவென்று சொன்னேன். அவர் மனைவி அதைப் பிரிக்கவில்லை. எடுத்து, திரும்ப என் கையிலேயே கொடுத்தார்.

“இதை நாங்க எழுதிக்கிடுதோம்ணே. நீங்க எழுத வேண்டாம்.”

குரல் உயரவில்லை. வாசல்வரை வந்து, செருப்பை மாட்டும்வரை நின்றார். காபி சாப்பிடுங்கள் என்று அந்த வீட்டில் எப்போதும் சொல்வார். அன்று சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். கோடு போட்ட நோட்டுத்தாள், பேனாவால் எழுதியது. என் கணவருக்கு இப்போது நடக்க முடியவில்லை, கை நடுங்குகிறது, உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது கொடுங்கள் என்று ஆங்கிலத்தில் நாலே வரி. மகள் சொல்லச் சொல்ல அம்மா எழுதியிருக்க வேண்டும். பணியாளர் எண்ணில் ஒரு இலக்கம் குறைந்திருந்தது. மருத்துவச் சான்று இணைக்கப்படவில்லை. யாருக்கு எழுதியது என்றும் இல்லை.

“சார், நீங்க கொஞ்சம் சரிபண்ணித் தந்துடுங்களேன். இப்படியே வச்சா மேல திருப்பி அனுப்பிடுவாங்க.”

பேனா என் சட்டைப்பையில் இருந்தது. பணியாளர் எண் எனக்கு மனப்பாடம். தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தேன்.

“என்ன குறைகிறது என்று அவர் வீட்டுக்கே எழுதிக் கேளுங்கள்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

கடிதம் போயிருக்கிறது. பதில் வந்ததா, ஆணை போட்டார்களா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பிரிவைத் தாண்டித்தான் தினமும் என் அறைக்குப் போகிறேன். உள்ளே போய்க் கேட்பதில்லை. ஆணை வந்தால் உப்பலுக்குத்தான் போகும். எனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.